பல மரம் கண்ட தச்சன்

அன்புள்ள ஐயா,

மேற்கத்திய இசை கேட்கப் பழகி வருகிறேன். ஆந்த்ரே ப்ரெவின் என்று தேடினால் ஓரிடத்தில் ஹாலிவுட்காரர், ஓரிடத்தில் ஜாஸ் பியானோக் கலைஞர், இன்னோரிடத்தில் சிம்பொனி நடத்துநர் என்கிறார்கள். நான்கு ஆஸ்கர் வாங்கியிருக்கிறார். ஆனால் அவற்றில் ஒன்றைத் தந்த ‘மை ஃபேர் லேடி’ படத்தின் மெட்டுகளே அவருடையவை அல்லவாம். ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பது இவருக்குப் பொருந்துமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

மெட்டுகள் இசையமைப்பாளர் ஃப்ரெடெரிக் லோவுடையவைதான். ப்ரெவினுக்குக் கிடைத்தது தழுவல் இசைக்கான விருது. அதை இளக்காரமாக எண்ணிவிடாதீர்கள். மெட்டு என்பது ஒற்றை வரி. அதைப் புல்லாங்குழலிடம் கொடுப்பதா, செல்லோவிடம் கொடுப்பதா, குரல் தாழும் இடத்தில் யார் யார் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் முடிவுசெய்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எழுதித் தருபவர் அரேஞ்சர். பள்ளி வயதிலேயே ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் இந்த வேலைக்குள் வந்துவிட்டவர் ப்ரெவின். அங்கே எழுதியது உடனுக்குடன் வாசிக்கப்படும். பிழை இருந்தால் காதில் அறையும். எந்த இசைக்கல்லூரியும் தர முடியாத படிப்பு அது.

ராணுவப் பணியில் சான்பிரான்சிஸ்கோவில் இருந்தபோது பியர் மோந்தே என்னும் நடத்துநரிடம், இசைக்குழுவை முன்னின்று வழிநடத்தும் அந்தக் கலையைப் பயின்றார். அதே மோந்தே 1961 முதல் 1964 வரை லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் தலைமை நடத்துநர். 1968இல் அந்த இடத்துக்குச் சீடர் வந்தார். 1979 வரை இருந்தார். ‘சினிமாக்காரர்’ என்ற முத்திரை அப்போதும் அவரை விடவில்லை. எனக்கு அது வருத்தம் தருகிறது.

அவர் 1973இல் பதிவுசெய்த, ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் இரண்டாம் சிம்பொனியைக் கேளுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் படைப்பு. நீளம் என்று சொல்லி அதைப் பக்கம் பக்கமாக வெட்டி வாசிப்பது நெடுநாள் வழக்கம். ப்ரெவின் வெட்டவில்லை. மூன்றாம் பகுதியில் வயலின்கள் ஒரு சொல் சொல்லி ஒதுங்க, கிளாரினெட் என்னும் ஊதுகுழல் தனியாக, மூச்சுவிடவே மறந்ததுபோல் பாடிக்கொண்டே போகும். கீழே தந்தி வாத்தியங்கள் நகர்கின்றன. ஆனால் ஓரிடத்திலும் அதன்மேல் ஏறவில்லை. குரலுக்கு வழிவிட ஸ்டூடியோவில் கற்ற பாடம் இது என்றே நினைக்கிறேன்.

நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. 1971இல் ரவிசங்கரின் முதல் சிதார் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) லண்டனில் அரங்கேறியபோது நடத்தியவர் ப்ரெவின். கமாஜ், சிந்துபைரவி, அடாணா, மாஞ்ச் கமாஜ் என்று நான்கு ராகங்களில் நான்கு பகுதிகள். ஒரு பெரிய இசைக்குழுவின் நடுவே ஒற்றைச் சிதாரை முழுகாமல் காப்பது எளிதா?

பழமொழித் தச்சன் மரத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தேடி நடப்பவன். இவர் கண்ட மரத்திலெல்லாம் உளி வைத்தவர். சொந்தப் படைப்புகள் எல்லாம் ஒரே உயரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயலின் கலைஞர் ஆன்-சோஃபி முட்டருக்காக எழுதிய வயலின் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதி என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. பறவையாக இருந்தால் உன்னிடம் பறந்து வருவேன் என்னும் பழைய ஜெர்மன் பாட்டை அதில் எடுத்து வளர்த்திருக்கிறார். 1938இல் தன் யூதக் குடும்பத்தோடு பெர்லினை விட்டு வெளியேறியபோது அவருக்கு ஒன்பது வயது.