ஷார்ஜா அறையில் அறுந்து அறுந்து போகும் இணைப்பு

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. பெரியபட்டினத்திலிருந்து வந்து ஷார்ஜாவில் ரோலா பக்கம் பெட் ஸ்பேஸ், அதாவது பகிர்ந்த அறையில் ஒரு கட்டில், எடுத்திருப்பதாகவும், அறைக்கென்று வாங்கிய கையடக்க ஹாட்ஸ்பாட் ரூட்டர் இரவானால் இணைப்பை விட்டுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உம்மாவோடு பேச வாட்ஸ்அப்பில் அழைத்தால் மணி அடிக்கிறது, எடுத்த பிறகு குரல் வருவதில்லை. வீடியோ பார்த்தால் பாதியில் நின்றுவிடுகிறது. அறையில் உள்ளவர்கள் வேறு ரூட்டர் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா காக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். முதல் சம்பளம் ஊருக்குப் போகட்டும், கடைக்காரருக்கு அவசரமில்லை. நீங்கள் ஒரே கோளாறாக எழுதியிருப்பதில் இரண்டு மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அதில் ஒன்று கோளாறே இல்லை.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பின் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் அமீரகத்தில் தடுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்து போகும், படம் போகும், குரல் பதிவு போகும்; அழைப்பு மட்டும் மணி அடித்துவிட்டு அப்படியே நிற்கும். ஆயிரம் திர்ஹாம் ரூட்டர் வாங்கினாலும் இது மாறாது. இங்கே அழைப்புக்கு அனுமதி பெற்ற செயலிகள் தனியாக இருக்கின்றன. போட்டிம் என்பதை நம் ஊர்க்காரர்கள் பலர் வைத்திருப்பார்கள். கூகுள் மீட், ஜூம், டீம்ஸ் போன்றவையும் ஓடும். பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால் தொலைத்தொடர்பு ஆணையமான டிடிஆர்ஏயின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உம்மாவின் போனிலும் அதே செயலி இருக்க வேண்டும். தங்கையிடம் சொன்னால் போட்டுக் கொடுத்துவிடுவாள்.

இணைய முகவரியை மறைக்கும் விபிஎன் செயலி போட்டால் வாட்ஸ்அப்பிலேயே பேசலாம் என்று அறையில் ஒருவராவது சொல்லியிருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். 2021-இன் 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தில், இணைய முகவரியை மறைத்துக் குற்றம் செய்தாலோ குற்றத்தை மறைத்தாலோ 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று இருக்கிறது. விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. தடுத்ததைத் திறக்க அதைப் பயன்படுத்துவதில்தான் வம்பு. ஐந்து நிமிடப் பேச்சுக்காக விசாவைப் பணயம் வைப்பது எனக்குப் புத்தியாகத் தெரியவில்லை.

இனி உண்மையான கோளாறுக்கு வருவோம். உங்கள் கைக்கும் இணையத்துக்கும் நடுவே இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. போனிலிருந்து ரூட்டருக்கு வைஃபை ஒன்று, ரூட்டரிலிருந்து டவருக்கு 4ஜி ஒன்று. அறுவது எது என்று தெரியாமல் எதைத் தொட்டாலும் வீண். தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. வீடியோ நின்றதும் ரூட்டரை அணைத்துப் போடாதீர்கள். போனின் பிரவுசரில் ரூட்டரின் முகவரியை அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.0.1, 192.168.1.1, 192.168.8.1 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். பின்பக்க ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் உடனே திறந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது, டவர் பக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது. பக்கமே திறக்கவில்லை, அல்லது போனின் வைஃபை குறியே மறைந்துவிட்டது என்றால் அறைக்குள்தான் கோளாறு.

இரவில் மட்டும் அறுகிறது என்பதால் டவர் பக்கம்தான் என் முதல் சந்தேகம். இஷா தொழுதுவிட்டு, சாப்பிட்டு முடித்து, ஒன்பது மணிக்குக் கட்டிடம் முழுவதும் ஊருக்கு அழைக்கும் நேரம் அது. ஒரே டவரை அத்தனை பேர் பகிர்ந்தால் வேகம் குறையும், சில நேரம் ரூட்டருக்கு இடமே கிடைக்காது. அதிகாலை பஜ்ர் தொழுகைக்குப் பிறகு அதே இடத்தில் வைத்து ஒரு வீடியோவை ஓட விடுங்கள். அப்போது தடையின்றி ஓடினால் ரூட்டர் மீது பழி போடாதீர்கள்.

ரூட்டரின் பக்கத்திலேயே சிக்னல் விவரம் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் டவர் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற எண்ணைப் பாருங்கள். அது எப்போதும் மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 80 என்றால் கவலையே இல்லை. மைனஸ் 100 வரை ஓடும். மைனஸ் 110-ஐத் தாண்டினால் அறுந்து அறுந்துதான் வரும். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், அவை ஒவ்வொரு கம்பெனி ரூட்டரிலும் ஒவ்வொரு மாதிரி. இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ரூட்டரை அறையில் இடம் மாற்றி வையுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஜன்னல் பக்கம் நகர்த்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் இங்கே பல கட்டிடங்களின் ஜன்னல் கண்ணாடியில் வெயிலைத் திருப்ப உலோகப் பூச்சு இருக்கும். அது வெயிலோடு சிக்னலையும் திருப்பிவிடும். அப்படியென்றால் கண்ணாடி பதித்த பக்கத்தைவிட சாதாரணச் சுவர் பக்கம் நன்றாக இருக்கக்கூடும். எண் சொல்வதைக் கேளுங்கள்.

துபாய் தேய்ராவில் என் பழைய அறையில் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் அவருடைய ரூட்டரைத் தொட்டுவிடக் கூடாது என்று இரும்பு லாக்கருக்குள், துணிகளுக்கு நடுவே, பவர் பேங்கோடு வைத்துப் பூட்டிவிட்டுப் படுப்பார். கட்டிலில் படுத்தபடி “நெட் சரியில்லை” என்று கம்பெனியைத் திட்டுவார். இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் டவர் சிக்னலும் உள்ளே வராது, வைஃபையும் வெளியே வராது. துணியின் சூடு வேறு. இரும்பு அடுக்குக் கட்டிலின் சட்டத்தில் ஒட்டி வைப்பதும் ஏறக்குறைய இதே கதைதான்.

ரூட்டரை எங்கே வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்தது என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஒரே கம்பெனி சிம்முக்கென்று பூட்டப்பட்டவை ஊரில் நிறைய. அவை இங்குள்ள சிம்மை ஏற்கவே ஏற்காது. பூட்டில்லாதது என்றாலும் அலைவரிசை பொருந்த வேண்டும். இங்கே 4ஜிக்கு 1800 மெகாஹெர்ட்ஸும், சுவர் தாண்டி அறைக்குள் வரும் 800 மெகாஹெர்ட்ஸும் பயன்படுகின்றன. அந்த 800-க்குப் பெயர் பேண்ட் 20. இந்தியாவில் அது பயன்பாட்டில் இல்லாததால் அங்கே விற்கும் மலிவான ரூட்டர்கள் பலவற்றில் அதைப் போடுவதில்லை. அப்படிப்பட்டதை வைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தால், மாடியில் அருமையாக ஓடுவது கட்டிலில் செத்துவிடும். பெட்டியில் பேண்ட் பட்டியல் இருக்கும், பாருங்கள். புதிது வாங்குவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணம் இது ஒன்றுதான்.

5ஜி ரூட்டர் என்றால் நெட்வொர்க் வகையைத் தானியங்கியில் விடாமல் 4ஜி மட்டும் என்று ஒருநாள் வைத்துப் பாருங்கள். 5ஜி சிக்னல் அரைகுறையாகக் கிடைக்கும் அறையில் ரூட்டர் இரண்டுக்கும் இடையே தாவித் தாவியே இணைப்பை விடும். வேகம் குறையும், ஆனால் பேச்சு நிற்காது.

ராமேசுவரம் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும்: தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக்குப் போனால் போனில் இலங்கை நெட்வொர்க் வந்து ஒட்டிக்கொள்ளும். கடலுக்கு மேல் தடுக்க எதுவும் இல்லை, தலைமன்னார் அவ்வளவு பக்கம். இங்கே அல் ஐன் பக்கம் வேலைக்கு அனுப்பினால் அதே கூத்துதான், எல்லைக்கு அப்பால் புரைமியிலிருக்கும் ஓமான் டவர் வந்து இழுக்கும். ரூட்டரில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால் இணைப்பும் அறும், காசும் போகும்.

இனி அறைக்குள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைவரிசைப் பிரிவுகள், 1, 6, 11 மூன்றுதான். உங்கள் தளத்தில் எத்தனை ரூட்டர் இருக்கும் என்று போனின் வைஃபை பட்டியலைத் திறந்தாலே தெரியும்; விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். அத்தனையும் அந்த மூன்றில் அடைந்து கிடக்கின்றன. அடுக்களை மைக்ரோவேவும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது. ரூட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். சுவர் தாண்டாது, ஆனால் ஒரே அறையில் படுப்பவர்களுக்கு அதுவே நல்லது. சேனலை 36-லிருந்து 48-க்குள் வையுங்கள். 52-க்கு மேல் உள்ள பலவற்றை ரேடாருடன் பகிர வேண்டியிருக்கிறது. ரேடார் இருப்பதாக ரூட்டர் நினைத்தால் உடனே அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. விமான நிலையமும் துறைமுகமும் பக்கத்தில் இருக்கும் ஊரில் அந்த வம்பு எதற்கு?

எத்தனை பேருக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறீர்கள்? கையடக்க ரூட்டர்கள் பலவற்றில் 10 கருவிதான் உச்சவரம்பு, சிலவற்றில் 16 அல்லது 32. ஆறு பேர் அறையில் ஆளுக்கு ஒரு போன், இரண்டு லேப்டாப், ஒரு டிவி, அடுத்த அறை நண்பருக்கு ஒன்று என்று வைத்தால் பத்து நிறைந்துவிட்டது. புதிதாக ஒருவர் வரும்போது அவருக்கு இடம் கிடைக்காது, அல்லது இன்னொருவர் இணைப்பு போகும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். அடுத்த அறைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை, பிரியாணிக்குக் கூப்பிட்டால் சரியாகிவிடும்.

யாரும் பயன்படுத்தாமல் விட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வைஃபையை அணைத்துக்கொள்ளும் அமைப்பும் இவற்றில் உண்டு, பேட்டரி மிச்சப்படுத்த. வேலை முடிந்து வந்து பார்த்தால் நெட்வொர்க் பெயரே காணாது. அமைப்பில் தூக்க நேரம் என்று இருப்பதை ‘ஒருபோதும் இல்லை’ என்று மாற்றுங்கள்.

சார்ஜரையும் கவனியுங்கள். ரைஸ் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் சொருகிய அதே நீள்பலகையில், போனோடு வந்த பழைய வயரில் தொங்கவிட்டால் ரூட்டருக்குப் போதிய மின்சாரம் போகாது. சிக்னல் குறைவாக இருக்கும்போது அது அதிகம் இழுக்கும். வயர் தாங்காவிட்டால் அணைந்து மீண்டும் எழும், நீங்கள் நெட் அறுந்தது என்பீர்கள். 2 ஆம்பியர் சார்ஜரும் குட்டையான நல்ல வயரும் போதும். கோடையில் ஜன்னல் ஓரம் நேர் வெயில் படும்படி வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாதது, நல்ல ரூட்டர் தானே நிறுத்திக்கொள்ளும். பின்மூடி லேசாக மேலெழும்பினாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி ஊதிவிட்டது. அன்றே அதைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பேச்சு அறுந்தால் ஊர்ப் பக்கத்தையும் பாருங்கள். உங்களுக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே பதினொன்று. உம்மா உள்ளறையில் பாயில் படுத்துக்கொண்டு பேசுவார்கள், பழைய வீட்டுச் சுவர் தடிமன் உங்களுக்கே தெரியும். முற்றத்துக்கு வரச் சொல்லிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்து கரண்ட் போனால் டவரும் பேட்டரியில்தான் நிற்கும், அதுவும் தீர்ந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பஜ்ருக்குப் பிறகும் இரவு பத்து மணிக்கும் அந்த ஆர்எஸ்ஆர்பி எண்ணைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். ரூட்டரின் மாடல் பெயரும், எத்தனை கருவி இணைந்திருக்கிறது என்பதும் சேர்த்து. ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பினால் கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் வைஃபை பாஸ்வேர்டையும் விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள், எனக்கு அவை தேவையில்லை.