பள்ளிச் சுவரிலிருந்து நூறு கஜம்

கேள்வி: எங்கள் நகராட்சிப் பள்ளிக்கு எதிரேயுள்ள பெட்டிக்கடையில் சிகரெட்டைச் சில்லறையாக விற்கிறார்கள், இரண்டு தெரு தள்ளி டாஸ்மாக் கடை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு அறிவுரை சொன்னால் மட்டும் போதுமா?

பதில்: அறிவுரை அவசியம்தான். ஆயினும் இந்த வயதுப் பையன் புகைக்கத் தொடங்குவது பெரும்பாலும் கையில் காசும், கூட ஒரு நண்பனும், எட்டும் தூரத்தில் கடையும் ஒன்றுசேரும் பொழுதில்தான். இவற்றில் கடையை மட்டுமே சட்டத்தின் துணையோடு அகற்ற முடியும் என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள்.

சில்லறை விற்பனைதான் எனக்குப் பெருங்கவலை. 2016 முதல் பாக்கெட்டின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. ஒற்றைச் சிகரெட் வாங்கும் சிறுவனின் கையில் அந்தப் படம் வருவதில்லை, முழுப் பாக்கெட்டின் விலையும் அவனைத் தடுப்பதில்லை.

2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எவருக்கு விற்பதையும் தடை செய்கிறது. இந்தத் தூரத்தை வாசலிலிருந்து நடந்து அளக்கக் கூடாது. சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து நேர்கோட்டில் எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும். இதற்கான அபராதம் 200 ரூபாய் வரைதான், அது எவரையும் அச்சுறுத்தாது. ஆனால் சிறுவனுக்கே விற்றிருந்தால், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்கீழ் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கடையை அகற்றக் கோரி நீங்கள் கொடுக்கும் மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.

டாஸ்மாக் விஷயம் கடினமானது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளியிலிருந்து 50 மீட்டரும், பிற பகுதிகளில் 100 மீட்டரும் தள்ளி இருந்தாலே மாநில விதிக்குப் போதும். நகரத்தில் மதுவுக்கு வைத்த எல்லை சிகரெட்டுக்கு வைத்ததைவிடக் குறுகியதாக இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆகவே நீங்கள் சொல்லும் டாஸ்மாக் கடை எந்த விதியையும் மீறாமலேயே இருக்கலாம். அப்போது அதை இடம் மாற்றும்படி மாவட்ட ஆட்சியரிடம் கோரிக்கையாகத்தான் வைக்க முடியும். 2016, 2017, 2023 ஆகிய மூன்று முறையும் ஐந்நூறு ஐந்நூறு கடைகளாக மூடப்பட்டது அரசின் கொள்கை முடிவால்தான் என்பதால், அந்தக் கோரிக்கை வீணென்று கருத வேண்டியதில்லை.

மனுவைத் தனியாகக் கொடுக்காமல் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் கொடுங்கள். தடை அறிவிப்புப் பலகையைப் பள்ளி வாசலில் வைக்கவும், நூறு கஜ எல்லையில் மஞ்சள் கோடு வரையவும் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மகன் ஏற்கெனவே புகைத்துப் பார்த்திருந்தால், கோபப்படாமல் அவனோடு சேர்ந்தே 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.