திரும்பி வந்த பில்லைச் சொல்லுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமம். தமிழ் மீடியம், பி.காம். சில வருஷங்களாக ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். அடுத்த வாரம் திருச்சியில் ஒரு நிதி நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. போன தடவை வேறோர் இடத்தில், “உங்க வீக்னஸ் என்ன?” என்றார்கள். “எதையும் பர்ஃபெக்டா முடிக்கலன்னா எனக்குத் தூக்கமே வராது சார்” என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். இந்தத் தடவை என்ன சொல்வது? இங்கிலீஷ் சரளமாக வராது என்பதை நானே சொல்லிவிடலாமா? அரிசிச் சிப்பத்துக்கு ஜி.எஸ்.டி. வந்த புதிதில், யாரையும் கேட்காமல் 26 கிலோ சிப்பத்துக்கும் வரி போட்டு பில் அடித்துவிட்டேன். பில் திரும்பி வந்து மானம் போனது. அதன் பிறகு சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து ஆடிட்டர் ஆபீஸில் கேட்டுக்கொள்கிறேன். இதையெல்லாம் தோண்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அவர்கள் சிரித்ததில் தப்பில்லை, தம்பி. அன்று காலையிலேயே அந்தப் பதிலை நாலு பேர் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். ‘ரொம்ப உழைப்பேன்’, ‘பர்ஃபெக்ஷன் பார்ப்பேன்’ என்றெல்லாம் ஒருவர் ஆரம்பித்தால் என் கை தானாக டீ கிளாஸுக்குப் போய்விடும். பெருமையைக் குறை மாதிரி சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. “ஒரு உதாரணம் சொல்லுங்க” என்று அடுத்த கேள்வி வரும்போது சோறு விலகிவிடும்.

குறை இல்லாத ஆளைத் தேடி யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தன் தப்பு இவருக்குத் தெரிகிறதா, தெரிந்தபின் ஏதாவது செய்தாரா, நாளைக்கு மேனேஜர் சுட்டிக்காட்டினால் முகம் சுண்டாமல் கேட்டுக்கொள்வாரா என்று பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் இரண்டு வகை ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். “அப்படி ஒண்ணும் இல்லீங்க” என்று கூச்சத்தோடு முடித்துவிடுபவர் ஒருவர். கேட்டதுதான் சாக்கு என்று கோபம், மறதி, வீட்டுப் பிரச்சினை வரை கொட்டித் தீர்ப்பவர் இன்னொருவர். இரண்டாமவர், ஆற்றில் உடைப்பு எடுத்ததை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அடைத்ததைச் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறவர்.

நீங்கள் மறைக்க நினைக்கிற பில்தான் உங்கள் பதில். 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் வரி, அதற்கு மேல் எடையுள்ள சிப்பத்துக்கு இல்லை என்று வந்தது. அதனால்தான் பல மில்கள் 26 கிலோவுக்கு மாறின. அந்தக் குழப்பத்தில் பில் தப்பாகப் போனது பெரிய குற்றமில்லை. ஆனால் கணக்கு வேலைக்குப் போகிறவர் “எனக்கு எண்ணில் தப்பு வரும்” என்று சொன்னால் கதை அங்கேயே முடிந்தது. உங்கள் குறை அதுவும் இல்லை. கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ‘யாரையும் கேட்காமல்’ என்று. தெரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டீர்கள், அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்:

“சந்தேகம் வந்தா கேட்கத் தயங்குவேன் சார். கேட்டா ஒண்ணும் தெரியாதவன்னு நினைப்பாங்களோன்னு. அதனால ஒரு தடவை வரி இல்லாத சிப்பத்துக்கு வரி போட்டு பில் அடிச்சிட்டேன். பார்ட்டி திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னியிலேர்ந்து சந்தேகத்தை ஒரு நோட்டுல எழுதி, ஆடிட்டர் ஆபீஸ்ல கேட்டு, பதிலையும் பக்கத்துலயே குறிச்சிடறேன். அதுக்கப்புறந்தான் பில் போடுவேன். இப்பவும் கூச்சம் முழுசா போகல. ஆனா கேட்காம எதையும் அனுப்பறதில்ல.”

ஒரு நிமிஷம்கூட ஆகாது. குறைக்கு ஒரு வரி, நடந்ததற்கு இரண்டு வரி, மிச்சமெல்லாம் அடைத்த கதை. கடைசியில் ‘இப்ப சுத்தமா சரியாயிடுச்சு’ என்று சேர்த்துவிடாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள். ‘முதலாளி சொல்லித் தரல’ என்றும் வேண்டாம். நாளைக்குத் தங்களையும் இப்படித்தான் சொல்வார் என்று நினைப்பார்கள்.

இங்கிலீஷ் விஷயம் வேறு. நீங்கள் வாயைத் திறந்த இரண்டாவது நிமிஷமே தெரிந்துவிடும் ஒன்றை வீக்னஸ் என்று அறிவிப்பதில் லாபமில்லை. அவர்கள் இங்கிலீஷில் கேட்டால், முதல் இரண்டு வாக்கியம் முயன்றுவிட்டு, “மீதியைத் தமிழ்ல சொல்லலாங்களா?” என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். வேலைக்கு எழுத்து இங்கிலீஷ் வேண்டுமா என்று விளம்பரத்தை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். வேண்டுமென்றால், தினம் ஒரு மெயிலாவது எழுதிப் பழகுகிறேன் என்று சொல்லும்படி இன்றைக்கே ஆரம்பியுங்கள். செய்யாததைச் சொல்லாதீர்கள்.

மேலே எழுதியதை மனப்பாடம் செய்யவும் வேண்டாம். ஒப்பித்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். சாயங்காலம் திண்ணையில் ஒரு கூட்டாளியை உட்காரவைத்துச் சொல்லிப் பாருங்கள். நடுநடுவே “எந்த வருஷம்? யார் கண்டுபிடிச்சா?” என்று அவரைக் குறுக்கே கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நோட்டைச் சாட்சிக்கு எடுத்துப் போகலாமா என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். அதில் மில்லின் பார்ட்டி பெயர்களும் ரேட்டும் இருக்கும். பணம் புழங்கும் ஆபீஸில் அதை மேஜையில் விரித்துவைத்தால், ஒரு குறைக்குப் பதில் சொல்லப் போய் இன்னொன்றைக் காட்டிவிட்டு வருவீர்கள்.