கேள்வி–பதில்: வீடியோ கேம் கருவிகளும் கன்ட்ரோலர்களும்

கேள்வி: பழைய அட்டாரி ஜாய்ஸ்டிக்கின் படத்தைப் பார்த்தால் அதை வலது கையால் அசைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. இன்றைய கன்ட்ரோலர்களிலோ திசை காட்டும் பகுதி இடது கட்டைவிரலின் கீழ் இருக்கிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது?
– வாசகர், திண்டுக்கல்

உங்கள் கணிப்பு சரியே. 1977-இல் வெளிவந்த அட்டாரி 2600-இன் ஜாய்ஸ்டிக்கில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அதுவும் அடிப்பெட்டியின் இடது மேல்மூலையில். பெட்டியை இடது கையில் பிடித்து, அந்தக் கையின் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, வலது கையால் கோலை அசைப்பார்கள். அதற்கும் முந்தியது, ரால்ஃப் பேயரின் முயற்சியால் 1972-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி. அதன் கன்ட்ரோலரில் கோலே கிடையாது. திரையில் தெரியும் வெள்ளைச் சதுரத்தை மேலும் கீழும் நகர்த்த ஒரு திருகும், பக்கவாட்டில் நகர்த்த இன்னொரு திருகும் இருந்தன. ஒலியும் இல்லை, வண்ணமும் இல்லை. ஆடுகளத்தின் படம் அச்சிட்ட ஒளி ஊடுருவும் தாளைத் தொலைக்காட்சித் திரைமேல் ஒட்டிக்கொண்டு ஆடினார்கள்.

திருப்பம் 1982-இல், நின்டெண்டோ நிறுவனத்தின் குன்பே யோகோயால் வந்தது. கூடங்களில் காசு போட்டு ஆடும் ‘டாங்கி காங்’ விளையாட்டைச் சட்டைப்பையில் வைக்கும் மடிப்புக் கருவியாகச் சுருக்க வேண்டியிருந்தபோது, துருத்தி நிற்கும் கோல் மடிப்புக்குத் தடையாயிற்று. யோகோய் கூட்டல்குறி வடிவில் தட்டையான ஒரே துண்டை வைத்து, அதன் நடுவைத் தாங்குமுனையில் நிறுத்தி, அடியில் மின்கடத்தும் பொட்டுகள் கொண்ட ரப்பரைப் பொருத்தினார். ஒரு முனையை அழுத்தினால் எதிர்முனை எழும்பிவிடுவதால் இடத்தையும் வலத்தையும் ஒருசேர அழுத்த இயலாது. குனிந்து பாராமலே விரல் தன் இடத்தை அறிந்துகொள்ளும். கூடத்து டாங்கி காங் இயந்திரத்தில் கோல் இடப்புறமும் தாவும் பொத்தான் வலப்புறமும் இருந்தன; மடிப்புக் கருவியும் அதே ஒழுங்கைப் பின்பற்றியது.

1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் வீட்டுக் கருவியான ஃபாமிகாம், இந்தத் திசைப்பொத்தானை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. ஆடி முடித்துத் தரையில் போட்ட ஜாய்ஸ்டிக்கைக் குழந்தைகள் மிதித்து உடைத்துவிடுவார்களே என்று ஃபாமிகாமை வடிவமைத்த மசாயுகி உவெமுராவின் குழுவினர் கவலைப்பட்டார்கள். தட்டையான பொத்தானுக்கு அந்த ஆபத்து இல்லை. கன்ட்ரோலர்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை என்பது என் எண்ணம். முழங்கையும் மணிக்கட்டும் செய்த வேலை அன்று முதல் இரண்டு கட்டைவிரல்களுக்கு வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளில் நம் கடைகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்றவற்றில் பெரும்பாலானவை ஃபாமிகாமின் நகல்களே என்பதால், நம்மில் பலருடைய விரல்களும் யோகோயின் ஒழுங்கில்தான் பழகின.

கேள்வி: பரணில் கிடந்த டிவி கேமை எடுத்துப் புதிய எல்இடி தொலைக்காட்சியில் இணைத்தேன். படம் வருகிறது, கன்ட்ரோலரும் இயங்குகிறது. வாத்து சுடும் துப்பாக்கியால் மட்டும் ஒரு வாத்தையும் வீழ்த்த முடியவில்லை. துப்பாக்கி பழுதாகிவிட்டதா?
– வாசகி, தஞ்சாவூர்

பெரும்பாலும் துப்பாக்கி நன்றாகவே இருக்கும். அதன் குழலிலிருந்து எதுவும் வெளியே செல்வதில்லை. குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி திரையிலிருந்து வரும் வெளிச்சத்தைப் பார்க்கிறது. நீங்கள் விசையை இழுத்தவுடன் திரை முழுவதும் ஒரு கணம் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னுகிறது. முதலில் இருளையும் உடனே வெளிச்சத்தையும் உணரி கண்டால் குறி தப்பவில்லை என்று கருவி முடிவு செய்கிறது. முதலில் கறுக்கச் செய்வதற்குக் காரணம் உண்டு: அது இல்லையென்றால், மின்விளக்கை நோக்கிச் சுட்டே எல்லா வாத்துகளையும் வீழ்த்திவிடலாம்.

பழைய குழாய்த் தொலைக்காட்சி, கருவி அனுப்பும் படத்தைத் தாமதமின்றி வரிவரியாக வரைந்தது. எல்இடி தொலைக்காட்சி அதே படத்தை வாங்கிப் பதப்படுத்திவிட்டுக் காட்டுவதால், வெள்ளைக் கட்டம் தோன்றுவதற்குள் கருவி எதிர்பார்த்த நேரம் கடந்துவிடுகிறது. மேலும், மூலத் துப்பாக்கியின் மின்சுற்று, நொடிக்கு 15,000-க்கும் மேற்பட்ட வரிகளை வரையும் குழாய்த் திரையின் துடிப்புக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. எல்இடி திரையில் அந்தத் துடிப்பே இல்லை. பழைய தொலைக்காட்சி ஏதேனும் கிடைத்தால் ஒருமுறை இணைத்துப் பாருங்கள்.

கேள்வி: வாங்கி ஓராண்டுகூட ஆகாத கன்ட்ரோலரில், குச்சியைத் தொடாமலே திரையில் இருக்கும் ஆள் தானாக நடக்கிறான். என் மகன் முரட்டுத்தனமாக ஆடுவதாக வீட்டில் திட்டுகிறார்கள். தவறு அவனுடையதுதானா?
– வாசகர், கோயம்புத்தூர்

அவனைத் திட்ட வேண்டாம். பெரும்பாலான கன்ட்ரோலர்களின் குச்சிகளுக்குள், சாய்வை அளப்பதற்காக ஒரு கரிப்பூச்சின்மேல் சிறிய உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கிறது. உரச உரசப் பூச்சு தேயும், தூசும் சேரும். குச்சி நடுவில் நின்றாலும், சாய்ந்திருப்பதாகக் கருவிக்குத் தவறான அளவு போய்ச் சேரும். இதைத்தான் ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள்.

அனலாக் குச்சி இல்லாமல் இன்றைய முப்பரிமாண விளையாட்டுகள் இல்லை. திசைப்பொத்தானுக்கு அழுத்தியது, அழுத்தாதது என்ற இரண்டு நிலைகளே தெரியும். குச்சியோ எவ்வளவு சாய்த்தோம் என்பதையும் சொல்வதால், ஒரே விரலசைவில் மெல்ல நடக்கவும் ஓடவும் முடிகிறது. 1982-இல் அட்டாரி 5200 இதை முயன்றது, ஆனால் விட்டவுடன் அதன் கோல் தானாக நடுவுக்குத் திரும்பாததால் ஆடுவோர் அல்லல்பட்டார்கள். 1996-இல் நின்டெண்டோ 64 அதைச் சிறப்பாகச் செய்து காட்டியது. அடுத்த ஆண்டு சோனி, இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு குச்சிகளை வைத்தது. இன்றுவரை அந்த அமைப்பே நிலைத்திருக்கிறது.

எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. 1998-இல் வந்த செகாவின் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலர், உரசலே இல்லாமல் காந்தப்புலத்தைக் கொண்டு குச்சியின் சாய்வை அளந்தது. ‘ஹால் எஃபெக்ட்’ எனப்படும் அந்த முறை தெரிந்திருந்தும், பெரிய நிறுவனங்களின் சாதாரணக் கன்ட்ரோலர்களில் உரசும் குச்சிகளே தொடர்வது வாங்குபவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. விளையாட்டின் அமைப்புகளில் ‘டெட் ஸோன்’ அளவைக் கூட்டினால், நடுப்பகுதியின் சிறு அசைவுகளைக் கருவி பொருட்படுத்தாது. இது தற்காலிக நிவாரணமே. உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் உடனே மாற்றிக் கேளுங்கள். புதிதாக வாங்க நேர்ந்தால், பெட்டியில் ஹால் எஃபெக்ட் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பிளேஸ்டேஷன் பொத்தான்களில் எழுத்துகளுக்குப் பதிலாக வடிவங்கள் இருப்பது ஏன்?
– வாசகி, மதுரை

1994-இல் முதல் பிளேஸ்டேஷனை வடிவமைத்த டெய்யு கோட்டோ, எளிதில் மறக்காத குறிகள் வேண்டும் என்று எண்ணினார். முக்கோணம் பார்வைக் கோணத்தையும், சதுரம் ஒரு தாளையும், வட்டம் ‘ஆம்’ என்பதையும், பெருக்கல்குறி ‘இல்லை’ என்பதையும் உணர்த்த வேண்டும் என்பது அவர் கருத்து. மேலைநாட்டுப் பதிப்புகளில் பெருக்கல்குறியே ‘ஆம்’ ஆனது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ஜப்பானிலும் அதையே பொதுவாக்கிவிட்டது.

கேள்வி: பத்து வயதாகும் என் மகளுக்கு வலது கை அசையாது. அவள் அண்ணனோடு சேர்ந்து ஆட வழியிருக்கிறதா?
– வாசகி, திருநெல்வேலி

நிச்சயமாக இருக்கிறது, அம்மா. 1989-லேயே நின்டெண்டோ, மார்பில் அணிந்து, தாடையால் திசையை அசைத்து, குழாயில் உறிஞ்சியும் ஊதியும் பொத்தான்களை இயக்கும் ஒரு கன்ட்ரோலரை அமெரிக்காவில் விற்றது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் இரண்டு பெரிய பொத்தான்களும், பின்புறம் 3.5 மி.மீ. துளைகள் 19-உம் உள்ளன. ஒவ்வொரு துளையிலும் காலால் மிதிக்கும் விசை, முழங்கையால் அழுத்தும் பொத்தான் என்று மகளுக்கு இயன்றதை இணைக்கலாம். சோனியும் 2023 டிசம்பரில் ‘ஆக்சஸ்’ என்ற கன்ட்ரோலரை வெளியிட்டது. அது பிளேஸ்டேஷன் 5-உடன் இயங்கும்.

இவற்றை வாங்கும் முன், உங்களிடம் எக்ஸ்பாக்ஸ் இருந்தால், இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றாக இணைத்து ஒரே ஆளை இருவர் இயக்கும் வசதி அதன் அமைப்புகளிலேயே இருக்கிறது. அதை முதலில் முயலுங்கள். திசைக் குச்சியை இடது கையால் மகள் பார்த்துக்கொள்ள, வலப்புறப் பொத்தான்களை அண்ணன் அழுத்தலாம்.