பதில்: 1 ஜிபி விபிஎஸ்-க்கு எந்த ஓஎஸ்?

கோத்தகிரியில் தங்கும் விடுதி, அதற்கொரு வேர்ட்பிரஸ் தளம், 1 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்). விண்டோஸ், சென்ட்ஓஎஸ் 7, உபுண்டு 24.04, டெபியன் 12 ஆகிய ஓஎஸ்களில் (இயங்குதளங்களில்) எது என்று கேட்டிருந்தீர்கள். டெபியன் 12 எடுங்கள்.

விண்டோஸ் சர்வர் அந்த ரேமில் திணறும், உரிமக் கட்டணமும் தனி. சென்ட்ஓஎஸ் 7 வேண்டவே வேண்டாம். 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு அதற்கான திருத்தங்கள் நின்றுவிட்டன. வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் தளத்துக்கு அது ஆபத்து. உபுண்டுவும் நல்லதுதான், ஆனால் டெபியன் இன்னும் கொஞ்சம் குறைவாக ரேம் தின்னும். 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தமும் வரும். ஸ்வாப் கோப்பு (ரேம் நிறைந்தால் டிஸ்க்கில் கைகொடுக்கும் இடம்) ஒன்றை மறக்காமல் போடுங்கள், இல்லையென்றால் முதலில் விழுவது தளத்தின் தரவுத்தளமான மரியாடிபி.

அப்புறம், டிமக்ஸ் பயன்படுத்துங்கள். நம் இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை நிற்காமல் ஓடவிடும் நிரல் அது. நான் குன்னூரில் இருக்கிறேன். மழையில் மரம் விழுந்தால் கரண்ட்டோடு நெட்டும் போய்விடும். ஒருமுறை அப்கிரேடு நடுவில் இணைப்பு அறுந்து, மென்பொருள் தொகுப்புகள் அரைகுறையாக நிற்க, விடியும்வரை உட்கார்ந்து சரிசெய்தேன். டிமக்ஸுக்குள் ஓடவிட்டால் வேலை சர்வரிலேயே தொடரும். நெட் வந்ததும் 'டிமக்ஸ் அட்டாச்' கொடுத்து விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

மே சீசன் முன்பதிவு சூடுபிடிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். எங்கே சிக்கினாலும் பிழைச்செய்தியை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.