வலுவேஷன் முடிந்துவிட்டது, சர்வேயும் வேண்டுமா?

கேள்வி: "அண்ணா, லண்டன் ஹரோவில் ஒரு செமி டிட்டாச்ட் வீட்டுக்கு ஓஃபர் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 1930களில் கட்டின வீடு. பின்பக்கம் குசினியைப் பெருப்பித்திருக்கிறார்கள். மோட்கேஜ் வங்கியின் ஆள் வந்து பார்த்து, கேட்ட தொகையைத் தரலாம் என்று எழுதிவிட்டார். இப்போது சொலிசிட்டர் லெவல் 2 சர்வே செய்யச் சொல்கிறார். 600 பவுண் கேட்கிறார்கள். ஒருவர் பார்த்த வீட்டை இன்னொருவர் ஏன் பார்க்கவேண்டும் என்று இவர் கேட்கிறார். ஊரில் இருக்கிற அம்மாவோ, சர்வே இல்லாமல் வாங்கவே கூடாது என்கிறா. யார் சொல்வது சரி?"

அம்மா சொல்வதுதான் சரி. ஆனால் அவ நினைக்கிற சர்வே இது இல்லை. யாழ்ப்பாணத்தில் சர்வேயர் என்றால் காணியை அளந்து, எல்லைக்கல் பார்த்து, பிளான் கீறித் தருபவர். எத்தனை பரப்பு, உறுதியில் உள்ளதும் நிலத்தில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்பதே அங்கே கேள்வி. இங்கே அந்தப் பத்திர வேலை பெரும்பாலும் சொலிசிட்டரின் பொறுப்பு. நான் டோர்ச்சும் ஈரம் பார்க்கும் மீட்டரும் பைனோகுலரும் கொண்டுபோய்ச் செய்வது கட்டடத்துக்கான உடம்புச் சோதனை.

உங்கள் கணவரின் கேள்வியும் நியாயமானது. அதனால் வங்கி அனுப்பிய ஆள் என்ன பார்த்தார் என்பதை முதலில் சொல்கிறேன். நீங்கள் கடனைக் கட்டாமல் விட்டால் இந்த வீட்டை விற்று, வங்கி கொடுத்த காசை எடுக்கலாமா என்று பார்த்தார். அவ்வளவுதான். அவருடைய வாடிக்கையாளர் வங்கி. சில வீடுகளுக்கு ஆள் வருவதே இல்லை, கணினியில் அக்கம்பக்கத்து விற்பனை விலைகளை வைத்தே முடித்துவிடுகிறார்கள்.

நார்விச்சில் நடந்த ஒரு வழக்கை எங்கள் துறையில் எல்லோரும் படித்திருப்போம். ஒரு பெண், கடன் கொடுத்த நிறுவனம் எடுத்த வலுவேஷன் ரிப்போர்ட்டை நம்பி வீடு வாங்கினார். அவசியமான திருத்தவேலை எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. முன்பு இருந்தவர்கள் அறைக்குள் இடம் வேண்டும் என்று சிம்னியின் அடிப்பகுதியை இடித்து எடுத்திருந்தார்கள். மேலே நின்ற பாகத்துக்கு முட்டுக் கொடுக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்துச் செங்கல்கள் கூரைத்தட்டை உடைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் விழுந்தன. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1989இல் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அதை நம்பி நீங்களும் இருந்துவிடாதீர்கள். இப்போது பல வங்கிகள் அந்த ரிப்போர்ட்டை வாங்குபவரின் கையில் கொடுப்பதே இல்லை.

இந்த வழக்கைச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. ஹரோ, வெம்பிளி, பின்னர் (Pinner) என்ற ஊர்களின் 1930 வீடுகளில் இதே வேலையை நான் அடிக்கடி காண்கிறேன். குசினியைப் பெருப்பித்த வீடென்றால் சந்தேகம் கூடும். கீழே பழைய அடுப்புச் சுவரை எடுத்துவிட்டு அலுமாரி பூட்டியிருப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். கூரைக்கு அடியிலுள்ள லோஃப்டுக்குள் ஏறி டோர்ச் அடித்தால் ஒரு தொன்னுக்கு மேல் கனமுள்ள செங்கல் கோபுரம் இரண்டு மரச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். முறையாகச் செய்திருந்தால் ஒரு இரும்பு பீம் கிடக்கும், கட்டட விதிகளைப் பார்க்கும் கவுன்சிலின் பில்டிங் கொன்ட்ரோல் பிரிவு கொடுத்த முடிவுச் சான்றிதழும் இருக்கும்.

இனி எந்த லெவல் என்ற கேள்வி. ரிக்ஸ் என்று நாங்கள் சொல்லும் சர்வேயர்களின் அமைப்பு 2021 மார்ச்சிலிருந்து மூன்று தரமாக வகுத்திருக்கிறது. லெவல் 1 மேலோட்டம், புதிய வீட்டுக்குச் சரி. லெவல் 3 ஆழமானது. விக்டோரியா காலத்து வீடு, வழக்கமில்லாத கட்டுமானம், நிறைய இடித்துக் கட்டிய வீடு, அல்லது வாங்கியதும் நீங்களே சுவர்களை எடுக்கப்போகிறீர்கள் என்றால் அதுதான் வேண்டும். நடுவில் உள்ளது லெவல் 2. பழைய ஆட்கள் இன்னும் ஹோம்பையர் ரிப்போர்ட் என்பார்கள். நீங்கள் சொன்ன அளவில் உங்கள் வீட்டுக்கு லெவல் 2 போதும். லோஃப்டையும் அறையாக மாற்றியிருந்தால் லெவல் 3 எடுக்கச் சொல்லியிருப்பேன். வலுவேஷன் சேர்த்த லெவல் 2உம் உண்டு. வங்கி ஏற்கெனவே கேட்ட தொகைக்கு ஒத்துக்கொண்டதால், விலையில் உங்களுக்கே சந்தேகம் இருந்தாலொழிய அந்த மேலதிகக் காசு தேவையில்லை.

லெவல் 2இல் சர்வேயர் கார்பெட்டைப் பிடுங்கமாட்டார், சோபாவை நகர்த்தமாட்டார், சுவரில் துளை போடமாட்டார். கரண்ட், காஸ் எதையும் சோதிக்கமாட்டார். கூரையை நிலத்தில் நின்று பைனோகுலரில் பார்ப்பார். இது சோம்பல் இல்லை, இன்னும் வீடு உங்களுடையது இல்லை. ஆனால் லோஃப்ட் மூடிக்குக் கீழே கட்டில் கிடந்து ஏணி வைக்க முடியாமல் போனால், அந்தப் பகுதிக்கு 'பார்க்கவில்லை' என்றுதான் எழுதுவார். முதல்நாளே வீட்டை விற்றுக்கொடுக்கும் ஏஜென்டிடம் சொல்லி இடத்தை ஒதுக்கி வைப்பியுங்கள்.

உங்கள் வீட்டில் நானாக இருந்தால் அதிக நேரம் செலவழிப்பது முன் ஹோலின் தரையில். அந்தக் காலத்து வீடுகளில் முன் அறைத் தரை பெரும்பாலும் மரப்பலகை, கீழே வெற்றிடம். காற்று முன்சுவரில் உள்ள ஓட்டைக் கல் வழியாகப் புகுந்து பின்சுவரால் வெளியேற வேண்டும். குசினியைப் பெருப்பித்துக் கொங்கிறீட் போட்டவுடன் பின்பக்க ஓட்டைகள் அடைபட்டுப்போகும், குழாய் வைத்து வெளியே எடுத்திருந்தாலொழிய. முன்னுக்குக் கார் நிறுத்தக் கல் பதித்து நிலத்தை உயர்த்தியிருந்தால் அந்தப் பக்கமும் போய்விடும். வெளி நிலம், ஈரம் மேலே ஏறாமல் சுவருக்குள் வைத்திருக்கும் ஈரத்தடுப்புப் படைக்கு 150 மில்லிமீற்றராவது கீழே இருக்கவேண்டும். கல் பதிக்கிறவர்களுக்கு அந்த நினைப்பே இருப்பதில்லை. நான் அறை நடுவில் நின்று குதிக்காலை உயர்த்தி ஒரு தட்டுத் தட்டுவேன். சுவரோரக் கண்ணாடி அலுமாரி கிணுங்கினால், கீழே பலகை உக்கத் தொடங்கியிருக்கலாம்.

வெடிப்புகளைக் கண்டு பயப்படவேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அளந்து பயப்படுங்கள். லண்டனின் பெரும்பகுதி களிமண்ணில் நிற்கிறது. கோடையில் சுருங்கும், மாரியில் ஊதும். மயிர் போன்ற கீறல் பெரும்பாலும் பூச்சு விஷயம். 5 மில்லிமீற்றரைத் தாண்டி, ஜன்னல் மூலையிலிருந்து படிபடியாகச் செங்கல் வழியே ஏறி, பக்கத்தில் பெரிய மரமும் நின்றால் ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரைக் கூப்பிடவேண்டும். அறை மூலையில் கறுப்புப் பூஞ்சை என்றால் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று நினைத்து ஊசிமருந்து அடிக்கும் கொம்பனிக்குக் காசு கொடுக்காதீர்கள். பலமுறை அது ஹீட்டருக்கு மேல் உடுப்புக் காயப்போட்டு, ஜன்னல் திறக்காமல் சமைத்த ஆவிதான். நம் சமையலுக்குக் குசினியில் நல்ல எக்ஸ்ட்ராக்டர் விசிறி கட்டாயம்!

ரிப்போர்ட் வந்ததும் நிறையப் பேர் செய்யும் தவறு சிவப்பை எண்ணுவது. ஒவ்வொரு பாகத்துக்கும் 1, 2, 3 என்று போட்டிருப்பார்கள், 3 சிவப்பு. "அண்ணா, ஆறு சிவப்பு, வீட்டை விடட்டா?" என்று இரவு பத்துமணிக்கு எனக்கு ஃபோன் வரும். திறந்து பார்த்தால் இரண்டு, கரண்டுக்கும் காஸுக்கும் அண்மைய சோதனைச் சான்றிதழ் காட்டாததால் போட்ட 3. ஒரு எலக்ட்ரீஷியனும் காஸ் சேஃப் பதிவுள்ள ஒருவரும் வந்து பார்த்தால் அவை தீர்ந்துவிடும். மறுபக்கம், ஒரேயொரு 3, அது சிம்னி என்றால் நான் கையெழுத்துப் போடவிடமாட்டேன். அதற்கு எஞ்சினியரிடம் செலவு எழுதி வாங்கி, அந்தத் தொகையை ஏஜென்ட் முன்னால் வையுங்கள். "சர்வேயில் பிரச்சினை வந்தது, பத்தாயிரம் குறையுங்கள்" என்று மொட்டையாகச் சொன்னால் யாரும் அசையமாட்டார்கள்.

இடித்த வேலைக்குப் பில்டிங் கொன்ட்ரோல் சான்றிதழ் இல்லையென்றால் விற்பவரின் சொலிசிட்டர் இன்டெம்னிட்டி காப்புறுதி ஒன்று எடுத்துத் தருகிறோம் என்பார். கவுன்சில் பின்னாளில் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்கு அது உதவும். செங்கல் விழுந்தால் உதவாது. அதேநேரம், அந்தக் காப்புறுதி தேவைப்படலாம் என்றால் நீங்களாகக் கவுன்சிலுக்கு ஃபோன் பண்ணி விசாரிக்காதீர்கள், பிறகு கிடைக்காமல் போகும். சொலிசிட்டரிடம் கேட்டுவிட்டு அடியெடுத்து வையுங்கள்.

இவ்வளவும் எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது இரு தரப்பும் கொன்ட்ராக்ட் மாற்றிக்கொள்வதற்கு, முன்னால் நடக்கவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொன்ட்ராக்ட் மாற்றும் வரை நீங்கள் சும்மா விலகலாம். மாற்றிய பிறகு விலகினால் வழக்கமாகக் கட்டும் 10 வீத டிபோசிட் போய்விடும். (ஸ்கொட்லாந்தில் வாங்குகிற சொந்தக்காரர் இருந்தால், 2008 டிசம்பரிலிருந்து அங்கே விற்பவரே ஹோம் ரிப்போர்ட் கொடுக்கவேண்டும். நீங்கள் படிப்பது அவர்களுக்குப் பொருந்தாது.)

ஆளைத் தெரிவுசெய்யும்போது ஏஜென்ட் கொடுத்த பெயரோடு நிற்காமல், ரிக்ஸ் பதிவில் தேடி, உங்கள் பகுதியில் வேலை செய்பவராகப் பாருங்கள். புக் பண்ணும்போதே சிம்னியும் தரைக்குக் கீழே காற்றோட்டமும் உங்கள் கவலை என்று சொல்லிவையுங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு பத்து நிமிடம் ஃபோனில் கதைப்பாரா என்றும் அப்போதே கேளுங்கள். கதைக்கமாட்டேன் என்பவருக்கு 600 பவுண் கொடுக்கவேண்டாம்.