டாஃப்ட் பங்க்: டிரம்ஸ் நீக்கிய பதிப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டாஃப்ட் பங்க் என்னும் பிரெஞ்சு மின்னணு இசை இரட்டையரின் ‘ரேண்டம் ஆக்ஸஸ் மெமரீஸ்’ பாடல் தொகுப்பைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். 2013-இல் வந்த அதே தொகுப்பை 2023-இல் பத்தாம் ஆண்டுப் பதிப்பாக ஒருமுறையும், அதே ஆண்டு நவம்பரில் டிரம்ஸை நீக்கி இன்னொரு முறையும் வெளியிட்டார்கள். ஒரே சரக்கை மூன்று முறை விற்பதல்லவா இது? என் தாத்தா செய்யாறு பக்கத்துக் கூத்து ஜமாவில் மிருதங்கம் வாசித்தவர். மிருதங்கம் இல்லாத கூத்தை எந்த ஊரில் உட்கார்ந்து பார்ப்பார்கள்? வாசித்தவரின் உழைப்பை அழித்துவிட்டு அதற்குப் புதுப்பதிப்பு என்று பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

விற்பனை பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரி 22 அன்று பிரிவை அறிவித்துவிட்ட இருவரின் கடைசித் தொகுப்பை மீண்டும் மீண்டும் வெளியிடுவதில் வணிகம் இருக்கவே செய்கிறது. ஆனால் மூலப்பதிவு அப்படியேதான் கிடைக்கிறது, அதில் யாரும் கை வைக்கவில்லை என்பதால் இதை நான் குற்றமாக நினைக்கவில்லை. டிரம்ஸ் குறித்த உங்கள் வருத்தம் அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல.

டாஃப்ட் பங்கின் அந்த இருவர், தாமஸ் பாங்கால்டரும் கீ மானுவெல் த ஓமெம் கிறிஸ்டோவும், 1997-இல் வந்த தங்கள் முதல் தொகுப்பை வீட்டுக்குள்ளேயே, டிரம் மெஷினையும் பழைய பதிவுகளிலிருந்து வெட்டியெடுத்த துணுக்குகளையும் வைத்து உருவாக்கியவர்கள். கடைசித் தொகுப்பில்தான் அந்த வழியை ஏறக்குறைய முழுவதுமாக விட்டு, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், பாரிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் மனிதர்களை உட்கார்த்தி வாசிக்க வைத்தார்கள். டிரம்ஸுக்கு அழைக்கப்பட்டவர்கள் ஒமர் ஹக்கீமும் ஜான் ராபின்சனும். முன்னவர் டேவிட் போவியுடனும் பின்னவர் மைக்கேல் ஜாக்சனுடனும் வாசித்த முதல்தரக் கலைஞர்கள். இயந்திரத் தாளத்தால் பெயர் பெற்ற இருவர் மனிதத் தாளத்தைத் தேடிப் போய்ப் பதிவுசெய்ததே இந்தத் தொகுப்பின் பெருமை. அதையே நீக்கிவிட்டு ஒரு பதிப்பா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

ஆனால் ‘கெட் லக்கி’ பாட்டை முதலில் மூலத்திலும், உடனே டிரம்ஸ் நீக்கிய பதிப்பிலும் கேட்டுப் பாருங்கள். நான்கே கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்துகள், முதலிலிருந்து கடைசிவரை சுற்றிச் சுற்றி வருகின்றன. மூலத்தில் நைல் ராட்ஜர்ஸின் கிதார் டிரம்ஸின் மேல் மினுமினுக்கும் ஒரு அலங்காரமாகத்தான் காதில் விழும். டிரம்ஸ் போனபின், அவருடைய வலது கை தந்திகளில் மேலும் கீழும் ஓய்வின்றி ஓடுவதும், இடது கை விரல்களைச் சற்றே தளர்த்தி ஒலியை அடைத்து அடைத்துத் திறப்பதும் தனித்தனியாகக் கேட்கின்றன. அந்த அடைபட்ட ‘சிக், சிக்’ ஒலியே ஒரு தாளக்கருவி. நேதன் ஈஸ்டின் பேஸ் கிதார் அதற்குள் எங்கே இடம் பிடிக்கிறது, எங்கே வேண்டுமென்றே சற்றுப் பின்தங்குகிறது என்பதும் தெரிகிறது. தாளம் டிரம்ஸிடம் மட்டும் இருக்கவில்லை, வாசித்த அத்தனை பேரின் உடம்பிலும் இருந்தது என்பதை இந்தப் பதிப்பைப்போல வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை.

ஹக்கீமின் உழைப்பு அழிந்துவிட்டதா என்றால், இல்லை என்பேன். இத்தாலிய இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் தன் கதையைத் தானே சொல்லும் ஒன்பது நிமிடப் பாட்டின் இறுதியில் ஹக்கீம் கட்டவிழ்த்துவிடும் வாசிப்பு இல்லாதபோது அங்கே ஒரு பள்ளம் தெரிகிறது. மற்றக் கருவிகள் அவருக்கு விட்ட இடம் அது. அவர் என்ன செய்தார் என்பது அந்தப் பள்ளத்தின் அளவில் புரிகிறது.

எல்லாப் பாட்டும் இப்படித் தேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘டூயிங் இட் ரைட்’ முழுக்க மின்னணு இசையால் ஆனது. அதில் தாளத்தை எடுத்தபின் எஞ்சுவது பெரும்பாலும் குரல்கள்தான், அதனால் கற்றுக்கொள்ள ஏதுமில்லை.

உங்கள் தாத்தாவின் கூத்தோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடத்தில் பதிவானதால்தான் ஒன்றை மட்டும் விலக்க முடிந்தது. நம் வட ஆற்காட்டுக் கூத்துகள் விடிய விடிய ஒன்றிரண்டு மைக்கில் கேசட்டில் ஏறியவை. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், கூத்தாடியின் சலங்கை, பார்ப்பவர்களின் பேச்சு எல்லாம் ஒரே ஒலியாகக் கலந்து கிடக்கின்றன. மிருதங்கக்காரர் நடிகரின் அடவுக்கு எப்படிக் கை கொடுத்தார் என்று தனியே கேட்டுப் பயில அந்தப் பதிவுகளில் வழியில்லை. பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இன்றும் நடக்கிறது. அதைப் பல தடங்களில் பதிவுசெய்து, ஒரு கருவியை மட்டும் விலக்கிக் கேட்கும் வசதியோடு கூத்து பயிலும் பிள்ளைகளிடம் கொடுத்தால், மிருதங்கம் இல்லாத அந்தப் பதிவை வைத்துக்கொண்டு மிருதங்கம் பழகலாம். இது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். உங்களைப் போன்று அந்த மரபில் வந்தவர்கள் முன்கை எடுத்தால் நடக்கும்.

பத்தாம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்திருப்பவற்றில் பாதி ஒத்திகைத் துணுக்குகள். அவற்றில் ‘ஃப்ராக்மெண்ட்ஸ் ஆஃப் டைம்’ பாட்டை அதன் பாடகர் டாட் எட்வர்ட்ஸோடு உட்கார்ந்து எழுதும் பேச்சும் சிரிப்பும் தயக்கமுமான பதிவை மட்டும் தவறவிடாதீர்கள். பணம் கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதானால் 2013-இன் மூலத்தை வாங்குங்கள். டிரம்ஸ் நீக்கியதை, மூலம் நன்றாகக் காதில் பதிந்த பிறகு கேளுங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து